இசைத்தட்டு வருவதற்குள் கலைந்த குழு: ஸ்லிண்ட் பற்றி ஒரு பதில்

கேள்வி: "சேலத்தில் கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தோம். மொத்தம் நான்கே மேடைகள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் போனதும் ஒன்றரை வருடத்தில் கலைந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர், 'அமெரிக்காவில் ஸ்லிண்ட் என்று ஒரு குழு இருந்தது, தட்டு வெளிவருவதற்கு முன்பே கலைந்துவிட்டார்கள், இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்' என்று ஆறுதல் சொன்னார். அது உண்மையா, அண்ணா? அவர்கள் யார்? கலைந்துபோனதால்தான் அவர்களுக்கு இவ்வளவு பெயரா?"

நண்பர் சொன்ன செய்தி உண்மை. அதை அவர் ஆறுதலாகச் சொன்ன விதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்லிண்ட், 1990இன் இறுதியில் கலைந்தது. அவர்களுடைய இரண்டாவதும் கடைசியுமான ஆல்பம் 'ஸ்பைடர்லேண்ட்' 1991 மார்ச் மாதம் கடைக்கு வந்தபோது, அதை மேடையேறி வாசித்துக் காட்டக் குழு என்று ஒன்று இல்லை. அந்தத் தட்டில் இருப்பது ஆறே பாடல்கள், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மாற்று ராக் என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்பட்ட இசைக்குள் அதற்குப் பின் வந்த ஒரு பெரிய கிளை, இந்த நாற்பது நிமிடத்திலிருந்துதான் முளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

நான் இந்தக் குழுவைக் கண்டடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த இசையின் குணம் அதிலேயே கொஞ்சம் தெரியும். 2004 வாக்கில் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஒரு பாட்டு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த காலம் அது. ஸ்பைடர்லேண்டின் கடைசிப் பாட்டை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால் பாடகரின் குரலே காதில் விழவில்லை. யாரோ பக்கத்து அறையில் ஒரு கதையைத் தனக்குத்தானே வாசித்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. சத்தத்தை முழுவதும் ஏற்றினேன். ஏழு நிமிடம் அப்படியே போனது. பிறகு கிட்டார்கள் ஒரேயடியாகக் கிளம்பி, அதுவரை முணுமுணுத்தவர் தொண்டை கிழியக் கத்தியபோது நான் துள்ளிய துள்ளலில் ஹெட்போன் முள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட, அந்தக் கூச்சல் சென்டர் முழுவதும் கேட்டது. கடைக்காரர் எழுந்து வந்து, "தம்பி, சிஸ்டம் ஏதும் போயிடுச்சா?" என்று கேட்டார். ஸ்லிண்டைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எவையும் அவருடைய கேள்விக்கு அருகில் வரவில்லை.

இனி அவர்கள் யார் என்பது. லூயிவில் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் நடுத்தர நகரம். குதிரைப் பந்தயத்துக்கும் பேஸ்பால் மட்டைக்கும் பெயர் பெற்றதே தவிர, இசைத் தொழிலுக்கு அல்ல. பெரிய ஸ்டுடியோவும் பெரிய நிறுவனமும் வேண்டுமென்றால் சிகாகோவுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டும். நமக்குச் சென்னையும் பெங்களூரும் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ஊர்களில் ஒரு நன்மை உண்டு: பார்க்க ஆளில்லை என்பதால் யாரைப் போல வாசிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. பிரிட் வால்ஃபோர்டும் பிரையன் மக்மஹனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பன்னிரண்டு வயதையொட்டியே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். மக்மஹன் வாசித்த 'ஸ்குவிரல் பெய்ட்' என்ற பள்ளிப் பையன்களின் குழு, வயதுக்கு மீறிய முரட்டுத்தனத்தோடு 1985இலும் 1987இலும் தட்டுகள் வெளியிட்டு அமெரிக்கச் சிறு பத்திரிகைகளின் கவனத்தைப் பெற்றது. வால்ஃபோர்ட் டிரம்ஸ், டேவிட் பேஜோ கிட்டார், ஈதன் பக்லர் பேஸ் கிட்டார் என்று மூவர் சேர்ந்தபோது, மக்மஹன் நான்காவது ஆளாகக் கிட்டாரோடு வந்து சேர்ந்தார். ஸ்லிண்ட் என்பது வால்ஃபோர்ட் வளர்த்த ஒரு மீனின் பெயர் என்று சொல்வார்கள். அவர்களுடைய முதல் நிகழ்ச்சி ஒரு தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு நடுவில் நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பாவமாகத்தான் இருக்கிறது.

முதல் ஆல்பமான 'ட்வீஸ்' பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1987இல் சிகாகோ வட்டாரத்தில் ஸ்டீவ் ஆல்பினி அதைப் பதிவு செய்தார். பின்னாளில் நிர்வாணா குழுவின் 1993ஆம் ஆண்டு ஆல்பத்தைப் பதிவு செய்தவரும், 2024இல் மறைந்தவருமான அதே ஆல்பினிதான். தட்டு 1989இல்தான், நண்பர் வட்டத்துக்குள்ளேயே இருந்த ஒரு மிகச் சிறிய நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. ஒன்பது பாடல்கள், எட்டுக்கு அந்த நான்கு பேரின் அம்மா அப்பா பெயர்கள், ஒன்பதாவதற்கு வால்ஃபோர்ட் வீட்டு நாயின் பெயர். இந்த விளையாட்டுத்தனம் இசையிலும் இருக்கிறது. கெட்டிக்காரப் பையன்கள், ஆனால் என்ன சொல்ல வந்தோம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒலிப்பதிவு போன போக்கு பிடிக்காமல் பக்லர் விலகி 'கிங் காங்' என்ற தன் குழுவைத் தொடங்கினார். அவர் இடத்துக்கு டாட் பிரஷியர் வந்தார். இந்த இடத்திலிருந்துதான் கதை கனக்கிறது.

ட்வீஸுக்கும் ஸ்பைடர்லேண்டுக்கும் இடையில் மூன்று வருடம். இந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் என்று நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. மக்மஹனும் வால்ஃபோர்டும் சிகாகோவுக்கு அருகில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்கள். மேடை நிகழ்ச்சிகள் விரல்விட்டு எண்ணும்படி, எங்கோ எப்போதோ நடந்தன. 1989இல் மீண்டும் ஆல்பினியிடம் சென்று பாட்டு வரிகள் இல்லாத இரண்டு உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். அவையும் அப்போது வெளிவராமல் 1994இல்தான் வந்தன. ஆனால் வால்ஃபோர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில் ஒத்திகை நடந்துகொண்டே இருந்தது. குறிப்பாக 1990 கோடையில், மற்ற குழுக்கள் வேனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் பருவத்தில், இவர்கள் தரைக்குக் கீழே உட்கார்ந்து ஆறு உருப்படிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

ஒத்திகை என்றால் நாம் பெரும்பாலும் பாட்டை மறக்காமல் இருப்பதற்கான வேலை என்று நினைக்கிறோம். நாதஸ்வரக் குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்கள்: நூறு தடவை வாசித்த பிறகு விரல் யோசிப்பதை நிறுத்தும், அதற்குப் பிறகுதான் காது பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பும். ஸ்பைடர்லேண்டில் கேட்பது அந்த நிலையை எட்டிய நான்கு பேரை. எடுத்துக்காட்டாக இரண்டாவது பாட்டில் சரணம் ஐந்து எண்ணிக்கையிலும், கிட்டார்கள் உரக்க எழும் பகுதி ஆறு எண்ணிக்கையிலும் ஓடுகின்றன. கண்ட நடையில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு சொடுக்கில் அடுத்த தண்டவாளத்துக்கு மாறுவதைப் போல. கணக்குத் தெரிந்த நமக்கு அந்த எண்கள் பெரிதல்ல. மிருதங்கம் கற்கும் சிறுவன்கூடக் கையில் போட்டுக் காட்டிவிடுவான். வியப்பு எதில் என்றால், நான்கு பேரில் ஒருவர்கூட அந்த மாற்றத்தைச் சைகை காட்டி அறிவிப்பதாகத் தோன்றாதபடி, மூச்சு விடுவதைப் போல அது நடந்துவிடுகிறது என்பதில்.

நான் வளர்ந்தது அம்மாபேட்டையில், விசைத்தறிக் கொட்டகைக்கு அடுத்த வீட்டில். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் இரண்டு ஒரே வேகத்தில் ஓடுவதாகத்தான் பார்வைக்குத் தெரியும், ஆனால் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். நாடா அடிக்கும் சத்தம் முதலில் ஒன்றாக விழும். கொஞ்ச நேரத்தில் ஒன்று மற்றொன்றின் வாலைப் பிடிக்கும். பிறகு சரிபாதியில் மாறி மாறி விழும். நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில் மறுபடியும் ஒன்றாகிவிடும். பேஜோவும் மக்மஹனும் இரண்டு கிட்டார்களில் தனித்தனிச் சுரங்களாகப் பறித்து வாசிப்பதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரே துணியைத்தான் நெய்கிறார்கள், ஆனால் இருவரின் நாடாவும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ராக் இசையில் வழக்கமாக ஒருவர் தாளத்துக்கு ஒத்து ஊத, மற்றவர் முன்னால் வந்து தனி ஆவர்த்தனம் செய்வார். இங்கே முன்னால் வருபவர் என்று யாருமே இல்லை.

1990 ஆகஸ்டில் சிகாகோவின் 'ரிவர் நார்த் ரெக்கார்டர்ஸ்' ஸ்டுடியோவில், பிரையன் பால்சன் பதிவு செய்ய, நான்கு நாட்களில் ஆல்பம் முடிந்தது. நான்கு நாள் என்பதைக் கேட்டு மலைப்பவர்கள் உண்டு. நிலவறையில் போன மாதங்களை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து வாசித்ததை அப்படியே பிடித்திருக்கிறார் பால்சன். எதிரொலிப் பூச்சும் ஜிகினாவும் கிடையாது. டிரம்ஸின் தோல், கம்பியில் விரல் வழுக்கும் ஓசை, ஒலிபெருக்கியின் மெல்லிய இரைச்சல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நீங்கள் அறையின் ஐந்தாவது ஆளாக மூலையில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. குரலும் வரிகளும்தான் கடைசியில் வந்தவை. ஒத்திகைகளில் பெரும்பாலும் பாட்டில்லாமலேயே வாசித்தவர்கள், வரிகளை ஸ்டுடியோவில்தான் முடித்தார்கள். இசை முழுவதும் இழைத்து முடிந்த பின் வந்து சேர்ந்த வார்த்தைகள் என்பதால், பாடகர் இசைக்கு மேல் ஏறி நிற்காமல் அதன் திண்ணையில் ஒதுங்கி உட்கார்ந்து பேசுகிறார் போலும்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் கதை சொல்வதுதான். முதல் பாட்டில் ஒருவன் திருவிழாவுக்குப் போகிறான், குறி சொல்பவளின் கூடாரத்துக்குள் நுழைகிறான், குறி கேட்காமல் அவளையே ரோலர் கோஸ்டர் என்னும் ராட்டினத்தில் ஏறக் கூப்பிடுகிறான். ஆடித் திருவிழாவையொட்டி நம் ஊரில் நடக்கும் பொருட்காட்சியில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. ராட்டினம் கீழே இருக்கும்போது கிட்டார் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மணியோசை மட்டும், மேலே போனதும் வயிற்றைப் புரட்டும் இரைச்சல், மறுபடியும் தரை. மூன்றாவது பாட்டில் டிரம்ஸே கிடையாது, ஆனால் அதைப் பேசுபவர் டிரம்ஸ் வாசிக்கும் வால்ஃபோர்ட். விருந்தொன்றில் கூட்டத்துக்கு நடுவே தனித்துப்போன ஒருவனைப் பற்றி அவர் தணிந்த குரலில் சொல்கிறார். தன் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கலைஞன் இப்படி ஒதுங்கி நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஐந்தாவதில் வார்த்தையே இல்லை. ஆறாவது, அதாவது பிரவுசிங் சென்டரில் என்னைத் துள்ளவைத்தது, கப்பல் உடைந்து கரையேறிய ஒரு தலைவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதும், கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்பதும். இறுதியில் வரும் கத்தல், உன் நினைவாகவே இருக்கிறேன் என்ற பொருளில் வரும் மிகச் சாதாரணமான சில சொற்கள்தான். அதை முதல் நிமிடத்திலேயே கத்தியிருந்தால் ஒரு விளைவும் இருந்திருக்காது. ஏழு நிமிடம் அடக்கி வைத்தவன் கத்துகிறான் என்பதுதான் விஷயம்.

ஆல்பத்தின் பெயர்கூட மக்மஹனின் தம்பி இந்த இசையைக் கேட்டுவிட்டுச் சிலந்தி ஊர்வதைப் போல இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொன்னதிலிருந்து வந்ததாகக் கூறுவார்கள். அந்தப் பையனும் என் பிரவுசிங் சென்டர்காரரும் ஒரே கட்சி.

பிறகு குழு கலைந்தது. 1990இன் இறுதியில் மக்மஹன் விலகினார், மற்றவர்கள் வேறு ஆளைச் சேர்த்துத் தொடரவில்லை. இந்தப் பதிவு அவர்களைப் பைத்தியமாக்கிவிட்டது என்று பல வருடம் ஒரு வதந்தி உலவியது. இசையின் இருட்டைக் கேட்டவர்கள் அதற்கேற்ற வாழ்க்கைக் கதையைத் தேடிக்கொண்டார்கள் என்பதற்கு மேல் அதற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. இருபது வயதையொட்டிய நான்கு பேர், ஒருவருக்குப் படிப்பு, ஒருவருக்கு மனச்சோர்வு, ஒருவருக்கு வேறு குழுவின் அழைப்பு. இதற்குள் ஒரு குழு கலைவதற்குப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. உங்களுக்கே இது தெரியும்.

சிகாகோவின் 'டச் அண்ட் கோ' நிறுவனம் தட்டை வெளியிட்டது. அதன் அட்டையை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிய நீரில் நான்கு பேர் கழுத்துவரை மூழ்கியிருக்க, தலைகள் மட்டும் தெரியும் கருப்பு வெள்ளைப் படம். எடுத்தவர் அவர்களுடைய நண்பரான வில் ஓல்டம். பின்னாளில் அவரும் பேர்பெற்ற பாடகரானார். கல்குவாரிக் குட்டையில் குளிப்பது எவ்வளவு சுகம், எவ்வளவு ஆபத்து என்று சேலத்துப் பையன்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அதற்காக அடி வாங்காத ஆண்பிள்ளை இல்லை. அந்த நால்வரின் முகத்தில் இருக்கும் சிரிப்பு, வீட்டில் சொல்லாமல் வந்தவர்களின் சிரிப்பு. அட்டையின் பின்பக்கம், பெண் பாடகிகள் விருப்பமிருந்தால் எழுதலாம் என்று ஒரு முகவரி. பாட ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்த குழு, தட்டு கைக்கு வந்தபோது இல்லை. பிரிட்டனின் பாடகி பி.ஜே. ஹார்வி அந்த முகவரிக்கு எழுதினார் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு.

வெளிவந்த நாளில் சலசலப்பு எதுவும் இல்லை. அதே 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் ஆல்பம் வந்து, ராக் என்றால் இதுதான் என்று உலகமே ஒரு பக்கம் திரும்பியது. ஸ்லிண்டைப் பற்றி உரக்கப் பேசியவர் ஏறக்குறைய ஒரே ஆள், அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த அதே ஆல்பினி. லண்டனின் 'மெலடி மேக்கர்' இதழில் அவர் எழுதிய விமர்சனத்தில், வழக்கமாக ஐந்தோ பத்தோ என்று அளந்து கொடுக்கும் நட்சத்திரத்தைக் கெட்ட வார்த்தை சேர்த்துப் பத்தாகக் கொடுத்தார். இன்று இதைத் தவறவிட்டவர்கள் பத்து வருடம் கழித்துத் தேடி அலைவார்கள் என்ற பொருளில் எழுதினார். நண்பருக்காக நண்பர் எழுதிய மிகை என்று அன்று பலர் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னபடியேதான் நடந்தது.

நடந்தது மெதுவாக, கையிலிருந்து கைக்கு. 1995இல் ஒரு திரைப்படத்தின் பாடல் தொகுப்பில் அந்தக் கடைசிப் பாட்டு சேர்க்கப்பட்டது. அது கொஞ்சம் உதவியது. அதைவிட, குழுவின் ஆட்கள் வேறு குழுக்களுக்குப் போய்த் தங்கள் கைவேலையைப் பரப்பினார்கள். வால்ஃபோர்ட் ஸ்லிண்டில் இருக்கும்போதே 'தி பிரீடர்ஸ்' குழுவின் முதல் ஆல்பத்தில் புனைபெயரில் டிரம்ஸ் வாசித்திருந்தார். பேஜோ சிகாகோவின் 'டார்டாய்ஸ்' குழுவில் சேர்ந்தார். மக்மஹன் 'தி ஃபார் கார்னேஷன்' என்று இன்னும் அடங்கிய குரலில் ஒரு குழு நடத்தினார். பிரஷியர் லூயிவில்லில் ஒரு வீடியோ வாடகைக் கடை திறந்து பல வருடம் நடத்தினார். எனக்கு நால்வரில் மிகவும் பிடித்த பிற்கால வாழ்க்கை அவருடையதுதான். 1994இல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் 'போஸ்ட் ராக்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்தப் பெயருக்குள் அடங்கிய குழுக்கள் பல, ஸ்காட்லாந்தின் 'மோக்வாய்' உட்பட, ஸ்லிண்டின் மாணவர்கள் என்பது காதுள்ளவர்களுக்குத் தெரிந்தது. மெதுவாகத் தொடங்கி, நீண்ட நேரம் அடக்கி, பிறகு இடியாய் இறங்கும் அந்த வகை இசை இன்று பெங்களூரிலும் சென்னையிலும் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர்களில் பாதிப் பேர் ஸ்லிண்டைக் கேட்டதேயில்லை. 2005இல் இங்கிலாந்தின் 'ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்' விழாவுக்காக அவர்கள் மறுபடியும் சேர்ந்தார்கள். 2007இல் ஸ்பைடர்லேண்டை முதலிலிருந்து கடைசிவரை மேடைகளில் வாசித்தார்கள். 2014இல் ஆல்பம் பெரிய பெட்டித் தொகுப்பாக மறுபடியும் வந்தது, லான்ஸ் பேங்ஸ் இயக்கிய ஓர் ஆவணப்படமும் வந்தது. புதிய ஆல்பம் மட்டும் வரவேயில்லை.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கலைந்ததால் பெயர் வந்ததா என்றால், கதை பரவியதற்கு அது உதவியிருக்கிறது, மறுக்க மாட்டேன். கழுத்துவரை நீரில் நிற்கும் நான்கு பேர், பிறகு ஆளையே காணோம் என்றால் எவருக்கும் ஆர்வம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வருடங்களில் அமெரிக்காவில் கலைந்த குழுக்களுக்குக் கணக்கேயில்லை. அவற்றின் பெயர்களை இன்று யாரும் தேடுவதில்லை. ஸ்லிண்டுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் நிலவறையில் போன கோடையும், அது முடிந்த கையோடு, யாரும் ஊருக்குப் போய்விடுவதற்குள், அதைப் பதிவு செய்துவிட்டதும்தான். கலைந்தது அதற்குப் பிறகு.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். 2006இல் நாங்களும் நான்கு பேர். அம்மாபேட்டையில் வாசித்தால் தறிச் சத்தத்தில் நமக்கே கேட்காது. நாலு ரோட்டுப் பக்கம் மாடி அறை எடுத்தால் மூன்றாம் நாளே வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஆகவே ஏற்காட்டில் நண்பரின் உறவினர் ஒருவருடைய காப்பித் தோட்டத்தில், ஆள் இல்லாமல் கிடந்த கூலிவீடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பெருக்கிகளைச் சரக்கு வண்டியில் ஏற்றிப் போனோம். பதினோரு நாள் இருந்தோம். காலையில் மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் பனி இறங்கி, கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே வரும். கிட்டார் கம்பிகள் இரண்டே நாளில் துருப்பிடித்தன. ஒரு பெருக்கி ஈரம் புகுந்து ஊமையாகிவிட்டது. இருந்தும் ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் சொன்னேனே, காது பக்கத்து ஆள் பக்கம் திரும்பும் அந்தத் தருணம், அது எங்களுக்கும் ஒருமுறை வந்தது. மூன்று உருப்படிகள் தேறின. பதிவு செய்யவில்லை. கீழே போய் நல்ல ஸ்டுடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஒருவருக்கு ஹைதராபாத்தில் வேலை வந்தது, இன்னொருவருக்குக் கல்யாணம். அந்த மூன்றில் இன்று என் கையில் மிஞ்சியிருப்பது ஒரு உருப்படியின் பேஸ் வரி மட்டும். மற்ற மூவரும் என்ன வாசித்தார்கள் என்பதை எவ்வளவு யோசித்தாலும் என்னால் கொண்டுவர முடியவில்லை. அவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை.

எனவே தம்பி, உங்கள் நால்வரின் கைபேசிகளிலும் ஒத்திகையின்போது எடுத்த துண்டுப் பதிவுகள் கிடக்கும். அவற்றை இந்த வாரமே ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது இரண்டு நாள் ஒதுக்கி, நன்றாக வந்த இரண்டு பாட்டுகளையாவது, ஒலித்தரம் பற்றி வாதாடிக்கொண்டிருக்காமல், ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்துவிடுங்கள். பெயர் கிடைக்குமா என்பது அப்புறம்.

ஸ்பைடர்லேண்டை எங்கே தொடங்கிக் கேட்பது என்றால், தனித்தனிப் பாட்டாகக் கேட்காதீர்கள், ட்வீஸிலிருந்தும் தொடங்க வேண்டாம். ஏற்காட்டுப் பேருந்தில் சன்னலோர இடம் பிடித்து, அடிவாரத்துச் சோதனைச் சாவடி தாண்டியதும் முதல் பாட்டைப் போடுங்கள். இருபது ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, வண்டி ஏரிப் பக்கம் திரும்பும் நேரத்துக்குக் கடைசிப் பாட்டு வந்திருக்கும். சத்தத்தை முழுவதும் ஏற்றிவிட்டு, ஹெட்போன் முள் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவது நீங்களாக இருந்தால் இந்த யோசனை செல்லாது.